ஆங்கிலக் கற்களுக்கு மட்டுந்தான் குடும்பம் உண்டா?

கல்லறைகளைப் பதிவுசெய்வது நல்ல பணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இனி எழுதப்போவது அப்பணியை மேற்கொண்டிருப்போர் சிலரோடு போடும் சண்டை.

சில வாரங்களாக ஓர் அறிவிப்பு நண்பர்கள் பலராலும் மகிழ்ச்சியோடு பகிரப்பட்டு வருகிறது. மூணாறு, தேவிகுளம் மலைகளின் தேயிலைத் தோட்டங்களுக்குள் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டங்களுக்குத் தன்னார்வலர்கள் செல்வார்களாம். கற்களைப் படமெடுத்து, வாசகங்களைப் படியெடுத்து, குடும்ப வரலாறு தேடுவோருக்காக இணையத்தில் ஏற்றுவார்களாம். நல்லது. ஆனால் அதனோடு இணைத்திருந்த வழிகாட்டுக் குறிப்பை எத்தனை பேர் திறந்து படித்தீர்கள் என்று தெரியவில்லை. ஆங்கிலக் கற்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். வட்டார மொழிக் கற்களில் பெயரையும் ஆண்டையும் ஆங்கில எழுத்தில் குறித்தால் போதும். எழுத்தில்லாத மேடுகளை விட்டுவிடலாம். இம்மூன்று விதிகளும் அதில் இருக்கின்றன. எழுதியவர்களுக்குத் தீய எண்ணம் ஏதும் இருந்திருக்காது. நேரம் குறைவு, ஆள் குறைவு, எங்கேனும் ஒரு கோடு போட்டாக வேண்டும் என்றுதான் எண்ணியிருப்பார்கள். அந்தக் கோடு எங்கே விழுந்தது என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கோடு புதிதும் அன்று. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டிப் பெருந்தொகுதியாக வெளியிட்டார். வரலாற்று ஆர்வமோ தொல்லியல் ஆர்வமோ உடைய கற்களின் பட்டியல் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ஆளுநர், படைத்தலைவர், வணிகர், பாதிரியார், அவர்தம் மனைவியர், கைக்குழந்தைகள் என விரியும் அப்பட்டியலின் உழைப்பு வியக்கத்தக்கது. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். எந்தக் கல்லுக்கு ‘ஆர்வம்’ உண்டு என்பதை முடிவுசெய்தவர் யார் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. பின்னர் 1976இல் தெற்காசியாவின் ஐரோப்பியக் கல்லறைகளுக்கென்றே பிரிட்டனில் ஒரு சங்கம் தோன்றியது. 1998இல் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வழிவந்தோர் தங்கள் முன்னோரைத் தேட மற்றொரு சங்கம் அமைத்தனர். அவர்கள் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள். அதில் குறைசொல்ல ஏதுமில்லை. பாட்டன் எங்கே புதைக்கப்பட்டான் என்று அறிய விரும்புவது எல்லா மனிதருக்கும் உரிய விருப்பம். குறை நம்மிடம் இருக்கிறது. அவர்கள் தங்களுக்காக வகுத்துக்கொண்ட முறையை, நாம் நம் மக்களின் கற்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஓரெழுத்தும் மாற்றாமல் எடுத்துக்கொள்கிறோம்.

மூணாறு சென்று வந்தவர்கள் அனைவருக்கும் ஒரு கதை தெரிந்திருக்கும். தேவாலயம் எழும் முன்பே கல்லறைத் தோட்டம் வந்துவிட்ட ஊர் அது. எலினர் இசபெல் மே என்ற இளம் ஆங்கிலப் பெண், தோட்ட அதிகாரி ஒருவரின் புதுமனைவி, 1894இல் வாந்திபேதி கண்டு இறந்து அந்தக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டாள். தேவாலயம் அதன் பின்னரே, அடுத்த நூற்றாண்டில் எழுந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் இக்கதையை ஒருநாளும் தவறாமல் சொல்கிறார்கள். துயரமான கதைதான். ஆனால் அந்த வாந்திபேதி பங்களாவில் மட்டுமா தங்கியது? பங்களாவுக்குத் தண்ணீர் சுமந்தவர்களும், சாலை வெட்டியவர்களும், காடழித்துக் கன்று நட்டவர்களும் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று அதே வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கீழே எங்கோ என்று கையைக் காட்டுவார்.

கீழே எங்கோ இருப்பவர்கள் யார்? 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளில், அடுத்த தலைமுறைக்குள் தேயிலை நிலைபெற்றது. அதற்கு ஆள் வேண்டும். கங்காணிகள் திருநெல்வேலிச் சீமைக்கும் மதுரைப் பக்கத்துக்கும் போய், முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக மலையேற்றினர். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமற்றவர்கள். இந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஓய்வுபெற்றால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், அல்லது வேலைக்குச் செல்லும் மகனோ மருமகளோ பெயரில் அதே வீட்டில் ஒதுங்கி இருக்க வேண்டும். நான்கு தலைமுறை உழைத்த மலையில் தன் பெயருக்கு ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பங்கள் இன்றும் மிகுதி. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அந்த மலையில் நிலைத்து நிற்கும் இடம் என்று ஏதேனும் இருக்குமானால், அது ஆறடி நீளத்துக் கல்லறை மேடு மட்டுமே. அதற்கும் பட்டா கிடையாது.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்தது. லயங்களோடு 70 பேரை அது கொண்டுபோயிற்று; நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. கிடைத்தவர்களில் பெரும்பாலோர் இராஜமலையில் ஒரே இடத்தில் புதைக்கப்பட்டனர். வீடு போயிற்று, வீட்டோடு குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், திருமணப் படம் எல்லாம் போயின. அந்தக் குடும்பங்களின் முந்தைய தலைமுறையைப் பற்றி எழுத்தில் எஞ்சியவை எவை? திருச்சபைப் பதிவேட்டில் சில வரிகள், தொழிற்சங்க அலுவலகத்தில் சில தாள்கள், பழைய கல்லறைக் கற்கள். அந்தக் கற்களுக்குத்தான் நம் தன்னார்வலர்கள் ‘ஆண்டு மட்டும் போதும்’ என்கிறார்கள்.

‘பொழுதுபோக்குக்காகக் குலமரம் வரைபவர்களின் பிரச்சினை இது, அவ்வளவு கோபம் எதற்கு?’ என்று ஒரு நண்பர் கேட்டார். பொழுதுபோக்கு அன்று. பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளிட்டது. அந்நாளுக்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வந்த மாநிலத்தில் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. எனவே தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் சாதிச் சான்றிதழ் கேட்டு நிற்கும் பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்வி, ‘உன் பாட்டனோ பூட்டனோ 1950க்கு முன் இங்கே இருந்தாரா? தாளைக் காட்டு’ என்பதே. கங்காணியின் பேரேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு மலையேறியவரின் கொள்ளுப்பேத்தி எந்தத் தாளைக் காட்டுவாள்? தேவிகுளம் தனித் தொகுதியின் 2021ஆம் ஆண்டுத் தேர்தல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் கேரள உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என்றது; 2025இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. ஒரு குடும்பம் எந்த ஆண்டு மலையேறியது, திருச்சபைப் பதிவேட்டில் அதன் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பவை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போகக்கூடிய கேள்விகள் என்பதற்காகச் சொல்கிறேன். சட்டமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் வைத்துக்கொள்வார். கல்லூரியில் இடம் கேட்கும் மாணவி என்ன செய்வாள்?

இங்கே சட்டம் ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர்களுக்கு அது பாடம், நமக்குத்தான் புதிது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 32ஆம் பிரிவு, ஆறாவது உட்பிரிவு. இறந்துபோனவர்களுக்கு இடையே இருந்த இரத்த உறவு, திருமண உறவு ஆகியவற்றுக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கவற்றை அது பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது: குடும்பக் காரியங்கள் பற்றிய உயில், ஆவணம், வம்சாவளி, குடும்ப ஓவியம், கல்லறைக் கல். ஆம், கல்லறைக் கல். இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் 26ஆம் பிரிவில் அது தொடர்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: பிணக்கு எழுவதற்கு முன்பே அந்த வாசகம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். கல்லைப் பெயர்த்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் சட்டம் அறியும். எளிதில் நகர்த்த இயலாத மூலத்துக்கு இரண்டாம்நிலைச் சான்றை அது ஏற்கிறது. அப்படியானால் முறையாக எடுக்கப்பட்ட ஒரு படம், நாளும் இடமும் எடுத்தவர் பெயரும் குறிக்கப்பட்ட ஒரு படி, ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். ‘இன்னாரின் மகன், இன்னாரின் மனைவி, இன்ன ஊர்’ என்ற மூன்று சொற்றொடர்களை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர், சட்டம் மதிக்கும் பகுதியை விட்டுவிட்டு வருகிறார்.

ஆண்டையாவது சரியாகக் குறிப்பார்களா என்றால், அதுவும் ஐயமே. மலைக்கற்களில் ‘1099’ என்று இருக்கும். அறியாதவர் அதைக் கொத்தனின் பிழை என்று எண்ணி 1999 என்று திருத்திவிடுவார். அது கொல்லம் ஆண்டு. மலையாள நாட்டுக்கு மட்டுமன்றித் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளுக்கும் வழக்கமான கணக்கு. 1099 ஆடி என்றால் 1924 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. மூணாறு நகரத்தையும் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையையும் அழித்த பெருவெள்ளத்தின் காலம். கேரளம் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே சொல்கிறது. அந்த ஒரு எண்ணைத் திருத்துபவர் 75 ஆண்டுகளை விழுங்குவதோடு, இறப்பின் காரணத்தைக் குறித்த ஒரு தடயத்தையும் அழிக்கிறார். வேறு சில கற்களில் ‘ரக்தாட்சி ஆடி’ என்றிருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1924ஆகவும் இருக்கலாம், 1984ஆகவும் இருக்கலாம். கல்லின் பொருளையும் எழுத்தின் வடிவத்தையும் பக்கத்துக் கல்லையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னும் பழைய கையொன்று ௲௯௱௨௰௪ என்று பொறித்திருந்தால், அலைபேசிச் செயலி அதை அழகுக்காகப் போட்ட பூவேலை என்றே எடுத்துக்கொள்ளும்.

மொழியியல் மாணவி என்ற முறையில் என் கோபத்தின் பெரும்பகுதி அடுத்த செய்தியில் இருக்கிறது. ‘பொருளை மொழிபெயர்த்தால் போதாதா?’ என்கிறார்கள். போதாது. சீர்திருத்தச் சபைக் கல்லறைகளில் நூற்றாண்டாக வழங்கும் வாய்பாடு, கர்த்தருக்குள் நித்திரையடைதல். ஆங்கிலத்தில் பெயர்த்தால் எல்லாக் கற்களும் ஒன்றாகிவிடும். தமிழில் அவை ஒன்றல்ல. பழைய கற்கள் பலவற்றில் ஆண் ‘நித்திரையடைந்தார்’, பெண் ‘நித்திரையடைந்தாள்’. குழந்தை ‘நித்திரையடைந்தது’. பின்வந்த கற்களில் பெண்ணும் ‘அடைந்தார்’ ஆகிறாள். ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் அந்த ‘ஆள்’ விகுதி ‘ஆர்’ ஆன வரலாற்றை வரிசையாக நின்று படிக்கலாம். நம் பல்கலைக்கழக நூலகங்களில் இதற்கு இணையான சான்று இல்லை. ஏனெனில் அச்சு நூல்கள் மரியாதைப் பன்மையை இலக்கணப்படி போட்டுவிடும், துக்க வீடு தன் வழக்கப்படி எழுதச் சொல்லும். மனைவியைப் பற்றி, தாயைப் பற்றி, தோட்டத்துக் குடும்பம் ஒன்று எப்படிப் பேசியது என்பதற்கு வேறெங்கே சான்று தேடுவீர்கள்?

எழுத்துப் பிழைகளும் அப்படித்தான். படியெடுப்பவர் கை முதலில் துடிப்பது பிழை திருத்தத்தான். ‘வியாளக்கிளமை’ என்று இருந்தால் ‘வியாழக்கிழமை’ என்று எழுதிவிடுவார். ‘இரந்தார்’ என்று இருந்தால் கூச்சத்தோடு ‘இறந்தார்’ ஆக்கிவிடுவார். ழகரம் ளகரமாவது தென்மாவட்டப் பேச்சின் இயல்பு. ரகர றகர வேறுபாடு நாஞ்சில் நாட்டுப் பேச்சில் இன்னும் கேட்கும். பிற பெரும்பாலான வட்டாரங்களில் கேட்பதில்லை. ஒரு கல்லை வைத்து இந்தக் குடும்பம் இந்த வட்டாரம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பிழை கல் வெட்டியவருடையதாகவும் இருக்கலாம். ஆனால் நூறு கற்களைப் பிழையோடு அப்படியே படியெடுத்து வைத்தால் அங்கே பேச்சு கேட்கத் தொடங்கும். திருத்தி வைத்த நூறு கற்களில் பள்ளி ஆசிரியரின் குரல் மட்டுமே கேட்கும். மலையாளச் சூழலில் ‘ஜனனம்’, ‘மரணம்’ என்ற இணை ‘பிறப்பு’, ‘இறப்பு’ என்ற இணையை எந்தத் தலைமுறையில் இடம்பெயர்க்கிறது, ‘தோற்றம்’, ‘மறைவு’ எப்போது மலையேறுகிறது என்பனவும் இவ்வாறே. பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களை மாற்றிய 1978 அரசாணை தமிழ்நாட்டுக்குரியது. எல்லைக்கு இப்பால் மலையில் கல் வெட்டியவரின் கை அந்த ஆணையைக் கேட்டு உடனே மாறிவிடவில்லை. எழுத்து வடிவத்தை வைத்து மட்டும் ஆண்டைக் கணிக்க முற்படுவோர் இதையும் நினைவில் கொள்ளட்டும்.

கல்லில் இருப்பதிலேயே விலைமதிப்பற்ற சொல் எது என்று என்னைக் கேட்டால், ‘என்ற’ என்பேன். ‘ஞானம்மாள் என்ற மாடத்தி’ என்பது போன்ற வாசகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். திருச்சபைப் பதிவேட்டில் முதற்பெயர் இருக்கும். தோட்டத்துக் கூலிப் பதிவில் இரண்டாம் பெயர் இருக்கும். ஊரில், சங்கரன்கோவில் பக்கத்து உறவினர் வீட்டில், இரண்டாம் பெயர்தான் தெரியும். இரு பெயரும் ஒருவருடையவை என்று இணைக்கும் ஒரே இடம் அந்தக் கல். இணையப் படிவத்தில் பெயர்க் கட்டம் ஒன்றுதான் இருப்பதால், தன்னார்வலர் முதற்பெயரை இட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். தேடி வரும் பேரன் ‘மாடத்தி’ என்று தேடுவான். கிடைக்காது.

படிவம் என்றதும் குடும்பப்பெயர் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. உலகெங்கும் வழங்கும் கல்லறைப் பதிவுப் படிவங்கள் குடும்பப்பெயரை முதுகெலும்பாகக் கொண்டு அமைந்தவை. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு, சிலருக்கு ஊரின் முதலெழுத்தும் உண்டு. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்பதற்காகத் தந்தை பெயரை அங்கே இடுகிறார்கள். மனைவிக்குக் கணவன் பெயரை. விளைவு, ஒரே வீட்டில் தாத்தா, மகன், பேரன் மூவரும் மூன்று வெவ்வேறு ‘குடும்பங்களில்’ போய் விழுகிறார்கள். இன்னும் மோசம், கல்லில் இல்லாத சாதிப்பெயரை ‘உள்ளூரில் விசாரித்து’ அக்கட்டத்தில் இட்டு நிரப்புவது. இதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பம் தன் கல்லில் எதைப் பொறிக்கவில்லை என்பதும் அக்குடும்பத்தின் முடிவுதான். அதை மீற உங்களுக்கு யார் உரிமை தந்தது? பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் ஏற்றுவதால் விளையும் குழப்பமோ தனி. ‘செல்லையா’ சகரத்தில் தொடங்குமா, ஆங்கிலத்தின் எந்த எழுத்தில் தொடங்கும், லகரம் ஒன்றா இரண்டா என்று தேடுபவர் ஊகிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அப்பெயருக்கு ஒரே வடிவம். கணினியில் தமிழ் ஏறி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் இதற்கு ஒரு சாக்கு உண்டா?

என் பக்கத்து நண்பர்களிடமிருந்தும் மறுப்பு வருகிறது. அதுதான் வலுவான மறுப்பு. ‘கல் வைத்தவனெல்லாம் கொஞ்சம் வசதி உள்ளவன். கணக்கப்பிள்ளை, கங்காணி, உபதேசியார். கற்களைப் பதிவுசெய்தால் கல் இல்லாத பெரும்பான்மை மீண்டும் ஒருமுறை புதைக்கப்படும்’ என்கிறார்கள். உண்மை. அதனால்தான் மூன்றாவது விதியான ‘எழுத்தில்லாத மேடுகளை விட்டுவிடலாம்’ என்பதை நான் முதலாவதாக அழிக்க விரும்புகிறேன். அந்தத் தோட்டங்களில் சற்றுக் குனிந்து நடந்தால் தெரியும்: கருங்கல் பலகைகளுக்கு இணையாகச் சிமெண்டு மேடுகள் உண்டு, சிமெண்டு காயும் முன் ஆணியால் கீறிய பெயர்கள் அவற்றில் உண்டு. மரச் சிலுவையில் வண்ணத்தால் எழுதி, மழை தின்றதுபோக எஞ்சிய இரண்டெழுத்து உண்டு. பெயரே இல்லாமல், தலைமாட்டில் ஒரு கல்லும் ஒரு செடியும் வைத்த மேடுகள் உண்டு. அவற்றுக்கு எண் கொடுத்து, வரைபடத்தில் குறித்து, ‘இது யாருடையது?’ என்று லயத்துப் பெரியவர்களிடம் கேட்டால் பல நேரம் பதில் வரும். அந்தப் பதிலைச் சொன்னவர் எழுபது வயதைத் தாண்டியவராக இருப்பார். கல் காத்திருக்கும், அவர் காத்திருக்க மாட்டார். ஆகவே பதிவின் வரிசை தலைகீழாக வேண்டும்: எழுத்தில்லாத மேடு முதலில், ஆணியால் கீறியது அடுத்து, மரச் சிலுவை அதன்பின், கருங்கல் கடைசி. ஆங்கிலப் பளிங்கு இன்னும் நூறாண்டு அங்கேயே நிற்கும்; அதை ஏற்கெனவே பலரும் படமெடுத்தாயிற்று.

‘பதிவேடு இருக்கிறதே, கல் எதற்கு?’ என்போருக்கு ஒரு சொல். பதிவேட்டை எழுதியவர் குருவானவரோ எழுத்தரோ. அவர் மொழி, அவர் செவி, அவர் எழுத்துக்கூட்டல். கல்லுக்குக் காசு கொடுத்தது குடும்பம். மேலும், இந்துக்களாகவே இருந்து புதைக்கும் வழக்கமுடைய குடும்பங்களுக்குத் திருச்சபைப் பதிவேடு ஏது?

மற்றொரு மறுப்பு, பிணக்காட்டில் படமெடுப்பது ஆகாது, குடும்பத்தார் மனம் புண்படும் என்பது. கேட்காமல் எடுத்தால் புண்படும். கேட்டு எடுத்தால் பெரும்பாலும் ஆளே கூட வந்து களை விலக்கித் தருகிறார்கள். அண்மைக் காலக் கல்லறைகளை, உயிரோடிருப்போர் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டவற்றை, அனுமதியின்றி இணையத்தில் ஏற்றக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே.

தொல்லியல் துறையினரிடமும் ஒரு வார்த்தை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தபோது நாம் அனைவரும் கொண்டாடினோம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு சில சொற்களே. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவன், அவன் ஊர், அவன் பெயர். அந்தச் சில சொற்களுக்கு எத்தனை கட்டுரைகள்! அதே மலைத்தொடரின் மறுபுறத்தில், எண்பது தொண்ணூறு ஆண்டுக்கு முன் இறந்த ஒருவரின் பெயரும் ஊரும் பொறித்த கல் கிடக்கிறது. சட்டப்படி நூறாண்டு நிறையாத கல் தொல்பொருள் அன்று. அது நிறையும்வரை காக்க எவருக்கும் கடமை இல்லை. நிறைவதற்குள் மண் சரியும், தேயிலை நெருங்கி வரும், அல்லது பேரன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புவான்.

கடைசியாகச் சொன்னது நகைச்சுவை அன்று. பழைய கல்லறைகளுக்கு மண்சரிவைவிடப் பெரிய ஆபத்து அன்பு. வசதி வந்த குடும்பம் பாட்டனின் மேட்டைப் பெயர்த்துவிட்டுக் கறுப்புக் கிரானைட் பதிக்கிறது; புதிய பலகையில் இன்றைய எழுத்து, திருத்திய பெயர், நினைவிலிருந்து சொன்ன ஆண்டு. உடைந்த பழைய கல் வேலியோரம் போகிறது. பாட்டனுக்குச் செய்யும் மரியாதைதான். அதைத் தடுக்க நான் யார்? ஆனால் சட்டத்தின் அந்த நிபந்தனையை அவர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டாமா? நாளை ஒரு பிணக்கு எழுந்த பின் பதித்த பளபளப்பான பலகைக்கு வழக்கு மன்றத்தில் மதிப்பில்லை. மதிப்புள்ளது வேலியோரம் உடைந்து கிடக்கும் கல்லுக்கே. புதியதைப் பதியுங்கள், பழையதை அதன் காலடியில் விட்டுவையுங்கள், பெயர்க்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் விதம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்த வழிகாட்டுக் குறிப்பு எழுத்துத் தெளிவாகச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கச் சொல்கிறது. வேண்டாம். கம்பித் தூரிகை வேண்டாம், அமிலம் வேண்டாம், சவரக்குழம்பு வேண்டாம். மலையின் ஈரத்தில் பாசி படர்ந்த சிமெண்டை வலிந்து தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்துவரும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது எடுங்கள். நிழலில் இருக்கும் கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்புங்கள். ஆணிக் கீறல்கூட எழுந்து நிற்கும். வரி உடையும் இடத்தில் வரியை உடைத்து, தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைத்து, ஊகத்தைப் பகர அடைப்புக்குள் இட்டு, பிழையைப் பிழையாகவே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், ஆங்கில வடிவம் கூடுதலாக இருக்கட்டும்.

இவ்வாறான ஒரு படிவத்தைத் தமிழில் தயாரித்திருக்கிறேன். குடும்பப்பெயர்க் கட்டம் அதில் இல்லை. ‘என்ற’ என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறது; சொந்த ஊருக்கு ஒன்று, ஆண்டு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்பதற்கு ஒன்று, எழுத்தில்லாத மேட்டைப் பற்றி வாய்மொழியாகச் சொன்னவர் அனுமதித்தால் அவர் பெயருக்கு ஒன்று. நிரப்பிய தாளின் ஒரு படி அந்தத் தோட்டத்துக் கோயில் குழுவிடமோ திருச்சபையிடமோ, மற்றொன்று அந்தக் குடும்பத்திடம். இணையம் அதற்குப் பின்னர்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று மலையெங்கும் குடும்பங்கள் களை வெட்டி, வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்ற வருவார்கள். தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனவர்களும் சிலர் வருவார்கள். சுண்ணாம்பு எழுத்தின் மேல் ஏறுவதற்கு முன், முந்தைய வாரமே நாம் அங்கே இருக்க வேண்டும். தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த, சரிவில் நடக்கக்கூடிய நால்வர் தேவை. கண்ணாடி நான் கொண்டுவருகிறேன்.